சென்னியப்பன் வீட்டில் காத்திருந்த நெருப்பு

துளசிமணி தண்ணீர் வால்வை மூடிய அதே நொடியில்தான் நெருப்பும் நின்றது என்பதில் ஊத்துமேட்டுவலசில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருந்ததில்லை. பங்குனி மாதத்து மத்தியானம், தென்னந்தோப்புகளுக்குள் இலை அசையாமல் ஊரே வெந்துகொண்டிருந்த நேரம், சென்னியப்பனின் மாட்டுக்கொட்டகைக் கீற்றில் பிடித்த தீ மளமளவென்று ஏறி, வீட்டின் பின்தாழ்வாரத்துக்குத் தாவி, இரண்டு ஆள் உயரத்துக்கு எழுந்து, ஓட்டுக்கூரையின் உத்தரத்தைத் தொடப்போன இடத்தில், யாரோ "சித்த இரு" என்று சொன்னதுபோல அப்படியே நின்றுவிட்டது. அணையவில்லை. காற்றடித்தால் சாய்ந்தது, சடசடவென்று சத்தம் போட்டது, கிட்டே போனவர்களின் முகத்தைச் சுட்டது. ஆனால் அதற்கு மேல் ஒரு கீற்றைக்கூடச் சாம்பலாக்கவில்லை, ஒரு விரற்கடைகூட முன்னால் நகரவில்லை. அன்றிலிருந்து ஏழு மாதம் அது அங்கேயே நின்றது.

வால்வை மூடச் சொன்னவர் மௌனகுருசாமி. எண்ணெய்ச் செக்கு வைத்திருந்தவர், பெயருக்கு நேர்மாறாக வாய் ஓயாதவர், ஊர்த் தீயணைப்புச் சங்கத்தின் செயலாளர். அந்தச் சங்கம் சும்மா முளைத்ததல்ல. அரசாங்கத்துத் தீயணைப்பு வண்டி காசு கேட்காத வண்டிதான், ஆனால் அது நின்ற டவுன் முப்பத்து நாலு கிலோமீட்டர் தள்ளி இருந்தது, நடுவில் ஒரு ரயில்வே கேட்டும் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் மஞ்சி மில்லில் தேங்காய் நார் தீப்பிடித்தபோது, வண்டி எவ்வளவு வேகமாக வந்தும், வந்து சேர்வதற்குள் மில்லும் அதையொட்டியிருந்த நாலு சாளை வீடுகளும் தரையோடு தரையாகப் போயிருந்தன. அதற்குப் பிறகு மௌனகுருசாமி செக்கை மனைவியிடம் விட்டுவிட்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். பழைய தண்ணீர் லாரி ஒன்றை வாங்கி, பம்பு மாட்டி, சிவப்புப் பெயிண்டு அடித்து நிறுத்தினார். வருடத்துக்கு அறுநூறு ரூபாய் சந்தா. கட்டிய வீட்டு வாசலில் பச்சைத் தகடு அடிப்பார்கள். கட்ட வழியில்லாத ஏழு வீடுகளுக்கு அவர்கள் கேட்காமலேயே அவரே தகடு அடித்துக்கொடுத்தார். மஞ்சி மில் போன பிறகு வேலையில்லாமல் இருந்த, அங்கே டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த துளசிமணியை வண்டிக்கு டிரைவராகப் போட்டார். பெண்பிள்ளை லாரி ஓட்டுவதா என்று கேட்டவர்களிடம், அவள் டிராக்டரை ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி உங்களில் ஒருத்தன் எடுத்துக் காட்டுங்கள் என்று சொல்லி வாயடைத்தார்.

ஊரில் தகடு இல்லாத வாசல் சென்னியப்பனுடையது மட்டும்தான். வசதியில்லாதவன் அல்ல, எட்டு ஏக்கர் தோப்பு, மூன்று மாடு. கஞ்சனும் அல்ல, மஞ்சி மில் எரிந்த அன்றைக்கு முதலில் ஓடிப்போய்ப் புருவம் கருகத் தண்ணீர் ஊற்றியவன் அவன்தான். "தீப்பிடிச்ச ஊட்டுக்கு ஓடறதுக்குக் காசு வாங்கறதா, என்ற உசுரு போனாலும் அதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டான். அவன் மனைவி மயிலாத்தாள் இரண்டு தடவை அவனுக்குத் தெரியாமல் கட்டப் பார்த்தாள். இரண்டு தடவையும் மௌனகுருசாமி, குடும்பத்துக்குள் சண்டை மூட்டிவிட மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

கொட்டகையில் தீப்பிடித்த அன்றைக்கு வண்டியைக் கூப்பிட்டதுகூடப் பக்கத்து வீட்டுக்காரர்தான், அவர் வீட்டில் தகடு இருந்தது. துளசிமணி நாலே நிமிடத்தில் வந்து நின்று, ஓஸை உருவி, பம்பை ஓடவிட்டு, வால்வைத் திறந்து தீயைப் பார்த்துத் திருப்பியபோது மௌனகுருசாமி மூச்சிரைக்க ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"அம்மிணி, அக்கட்ட ஊட்டுச் செவுத்தை மட்டும் நனை. இங்க வேண்டாம், மூடு."

"ஏனுங்ண்ணா, தீ இங்கதானுங்க எரியுது?"

"வாசல்ல தகடு இருக்குதா பாரு."

மயிலாத்தாள் முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு ஓடி வந்தாள். "இப்பவே கட்டறனுங்க, ரண்டு வருசத்துக்கும் சேத்துக் கட்டறனுங்க, திறக்கச் சொல்லுங்க!"

"தீப்பிடிச்சப்பறம் கட்டறதுக்குப் பேரு சந்தா இல்ல, மயிலாத்தா. இன்னைக்கு உன்றகிட்ட வாங்கினா, நாளைக்கு அத்தன பேரும் தீப்பிடிக்கட்டும் பாத்துக்கலாம்னு இருந்துக்குவாங்க. வண்டி டீசலில்லாம நிக்கும். அப்பறம் மறுபடியும் மஞ்சி மில்லு மாதிரிதான்." இதைச் சொல்லும்போது அவருடைய கண்ணில் தண்ணீர் நின்றது, புகையால் என்று யாரும் நினைக்கவில்லை.

சென்னியப்பன் மாடுகளை அவிழ்த்துவிட்டுவிட்டு, கிணற்றடிக்கும் வீட்டுக்குமாக வாளியோடு ஓடிக்கொண்டிருந்தான்.

துளசிமணியின் கை வால்வின் மேல் இருந்தது. அவர் சொல்வதும் சரிதானே என்று ஒரு மனசு சொன்னது, அந்தச் சரியை வைத்துக்கொண்டு இந்த வீட்டை என்ன செய்வது என்று இன்னொரு மனசு கேட்டது, மூன்றாவதாகச் சம்பளம் கொடுக்கிறவர் எதிரே நின்றுகொண்டிருந்தார். அவள் மூடினாள். நெருப்பு நின்றது.

சென்னியப்பன் ஊற்றிய தண்ணீர் தீக்குள் புகுந்து அந்தப் பக்கமாக விழுந்து ஓடியது. பிறகு டவுன் வண்டி வந்தது. அதிகாரியும் ஆட்களும் தங்களால் ஆனமட்டும் பீய்ச்சினார்கள், நுரை அடித்தார்கள், ஏணி வைத்து ஏறிப் பார்த்தார்கள், கடைசியில் அதிகாரி தன் நோட்டில் 'தீ எரிகிறது, பொருள் எரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மயிலாத்தாள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, ஏதாவது மாறினால் கூப்பிடச் சொல்லிப் போனார். இருட்டியதும், மேலே தீ நின்றாலும் கீழே வீடு வீடாகத்தானே இருக்கிறது என்று சென்னியப்பனும் மயிலாத்தாளும் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்கள். விடிந்து அவர்கள் பத்திரமாக எழுந்து வந்தபோது ஊர் பாதி அதற்குப் பழகிவிட்டிருந்தது.

மீதிப் பாதி பழகுவதற்கு ஒரு வாரம் ஆனது. தீ நிற்கிறதென்றால் நிற்கட்டும், மாட்டுக்குத் தண்ணி காட்ட வேண்டும், தேங்காய் உரிக்க வேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். மூன்றாம் நாள் மயிலாத்தாள் ஏணியில் ஏறி, நீளக் கம்பியில் பாத்திரத்தைத் தொங்கவிட்டுத் தீயில் காட்டிக் காப்பி வைத்தாள், கேஸ் தீர்ந்துபோயிருந்ததாம். காப்பி நன்றாக இருந்தது என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். சென்னியப்பன் மூங்கிலில் சாரம் கட்டி, கிணற்று உருளை ஒன்றை மாட்டி, இன்னும் பெரிய பாத்திரங்களும் ஏறி இறங்க வசதி செய்தான். யாரோ ஒருத்தி ஈரத் துணியைக் கொண்டுவந்து வேலியில் போட்டாள், கால்மணி நேரத்தில் மொறுமொறுவென்று காய்ந்தது. அப்புறம் மிளகாய் வந்தது, வடகம் வந்தது, களத்தில் ஏழு நாள் காயவேண்டிய கொப்பரை இரண்டே நாளில் காய்கிறதென்று தெரிந்ததும் மாட்டுவண்டியிலும் டெம்போவிலுமாகக் கொப்பரை வந்தது. கல்யாண வீட்டுக்காரர்கள் நூறு பேருக்குச் சோறு வடிக்க வந்தார்கள். தெருவிளக்குக் கெட்டுப்போனபோது யாரும் புகார் கொடுக்கவில்லை. வெளியூரிலிருந்து வந்த உறவுக்கார ஒறம்பரைகளுக்கு வழி சொல்லும்போது, "தீ நிக்கிற ஊட்டுக்கு மூணாவது ஊடு" என்று சொன்னால் போதுமாக இருந்தது.

எத்தனை பேர் வந்தாலும் மயிலாத்தாள் கணக்குப் பார்க்கவில்லை. வருகிறவர்கள் வாசலில் செருப்பை விடுவதற்கு மட்டும் ஓர் இடம் காட்டினாள். "உங்க தீதானுங்களா?" என்று வெளியூர்க்காரர் ஒருவர் கேட்டதற்கு, "என்ற ஊடு, தீ பொதுவுங்க" என்றாள்.

வராதவர்கள் இரண்டே பேர். ஒருவர் மௌனகுருசாமி, அவர் அந்தத் தெருவைத் தவிர்த்து வாய்க்கால் மேட்டைச் சுற்றிக்கொண்டு செக்குக்குப் போய்வந்தார். இன்னொருத்தி துளசிமணி. அவள் தினமும் காலையில் தொட்டியை நிரப்பி, பம்பை ஓட்டிப் பார்த்து, ஓஸில் ஓட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். ஷெட்டிலிருந்து பார்த்தால் தென்னை மட்டைகளுக்கு மேலே அந்தத் தீயின் நுனி தெரியும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு, பஸ்சுக்குக் காத்திருக்கிற ஆள் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

ஆடி பிறந்து ஒருநாள் மயிலாத்தாளே ஷெட்டுக்கு வந்தாள், கையில் தூக்குப்போசி.

"ஏங் கண்ணு, ஊரே வருது, நீ மட்டும் வரமாட்டீங்கற?"

"என்ன மூஞ்சிய வெச்சுட்டு வர்றதுங்க்கா. மூடினது நான்தானுங்களே."

"மூடினவளும் நீதான், நாலு நிமிசத்துல வந்தவளும் நீதான்." போசியைத் திறந்தாள், உள்ளே அரிசிம்பருப்புச் சோறு, புகைவாசத்தோடு. "சாப்புடு. எனக்குக் கோவம் இருக்குது, அது வேற. அதுக்காகப் பசிய விட முடியுமா?"

துளசிமணி சாப்பிட்டாள். சாப்பிடும்போது அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை மயிலாத்தாள் வண்டியின் கண்ணாடியில் தலையை வாரிக்கொண்டிருந்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. பதினோரு நாள் விடாமல் கொட்டிய மழையில் வாய்க்கால் நிரம்பி, தோப்பெல்லாம் சேறாகி, ஊரில் ஒரு துணி காயவில்லை, சுவரெல்லாம் பூஞ்சை. மழைக்குள் அந்தத் தீயும் அதைச் சுற்றியிருந்த பின்வாசலும் மட்டும் துளி நனையாமல் இருந்தன. மௌனகுருசாமியின் செக்கில் நாற்பது மூட்டைக் கொப்பரை ஈரம் கோர்த்துக்கொண்டு வந்தது. இன்னும் ஐந்தாறு நாள் போனால் அத்தனையும் பூஞ்சை பிடித்துப்போகும், அந்த வருடத்துத் தொழில் அதோடு முடிந்துபோகும். அவர் மூன்று நாள் பேசாமல் இருந்தார். பெயருக்கு ஏற்ற மாதிரி ஆகிவிட்டாரே என்று மனைவி பயந்துபோனாள். நாலாவது நாள் தலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, தெரு வழியாகவே நடந்துபோய் சென்னியப்பன் வாசலில் நின்றார். தொட்டியில் மழைத்தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த துளசிமணி அதைப் பார்த்துவிட்டு, என்ன ஆகுமோ என்று பின்னாலேயே ஓடிவந்தாள்.

"சென்னி," என்றார் அவர். "நாப்பது மூட்டை இருக்குது."

"கொண்டாங்க."

"சும்மா கொண்டாந்தா என்ற மனசு ஒப்பாது. மூட்டைக்கு எத்தனைன்னு நீயே ஒரு வெலையச் சொல்லு."

சென்னியப்பன் சிரித்துவிட்டான். கேலியாக அல்ல, தாங்க முடியாமல்தான். "தீக்கு வெல வெக்கற அளவுக்கு எனக்குத் தைரியம் பத்தாதுங்ண்ணா. வாங்க, ஆளுக்கொரு மூட்டையா தூக்கலாம்." சொல்லிவிட்டு மழையில் இறங்கி அவருக்கு முன்னால் நடந்தான். அன்றைக்கு நாற்பது மூட்டையும் அவர்கள் இருவருடைய முதுகில்தான் வந்து சேர்ந்தன. துளசிமணி பரப்பிக் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மௌனகுருசாமி சங்கக் கூட்டத்தைக் கூட்டினார். மழைக்கு வேறெங்கும் உட்கார முடியாது, அதனால் சென்னியப்பன் வீட்டுப் பின்வாசலில், தீயைச் சுற்றி, ஊரே கதகதப்பாக உட்கார்ந்தது. தீப்பிடித்த நேரத்தில் நின்று நிதானமாகப் பேசுவதற்கு உலகத்தில் யாருக்கும் நேரம் கிடைத்ததில்லை. அவர்களுக்கு ஏழு மாதம் கிடைத்திருந்தது. பேசினார்கள். கட்டாத வீட்டையும் அணைக்க வேண்டும் என்றார்கள் சிலர். அப்படியானால் நாங்கள் எதற்குக் கட்ட வேண்டும் என்றார்கள் சிலர். மூன்று மடங்கு அபராதம் வைக்கலாம் என்று ஒருவர், தகட்டையே பிடுங்கிவிடலாம் என்று ஒருவர். மத்தியானம் ஆரம்பித்த பேச்சு, தீயில் சுட்ட சோளக்கதிரோடும் இரண்டு ரவுண்டு காப்பியோடும், நாலரை மணிக்கும் அதே இடத்தில் நின்றது.

அப்போது துளசிமணி எழுந்தாள். அவள் கூட்டத்தில் பேசி யாரும் கேட்டதில்லை. வண்டிச் சாவியை எடுத்து எல்லோருக்கும் நடுவில் வைத்தாள்.

"யாரு கட்டினாங்க, யாரு கட்டலைன்னு பாக்கற வேலை உங்களதுங்க. எரியற ஊட்டுக்குப் போயி வால்வைத் திறக்கற வேலை என்றதுங்க. ரண்டையும் ஒரே எடத்துல வெச்சுச் சொல்லாதீங்க. எனக்குத் தாங்கமாட்டீங்குது. இனிமேல் தீ எரியறப்ப என்ற காதுல யாரும் வந்து யாரு ஊடுன்னு சொல்லக்கூடாது. முதல்ல அணைப்பேன். சண்டைய அடுத்த நா காத்தால போட்டுக்குங்க. இதுக்கு ஒத்துக்கிட்டா சாவிய எடுத்துக்கறேன். இல்லீன்னா வேற டிரைவரைப் பாருங்க."

"சரி அம்மிணி, ஒத்துக்கறேன்னே வெச்சுக்கோ," என்றார் மௌனகுருசாமி. "அப்பறம் எவன் சந்தா கட்டுவான்? நெசமாத்தான் கேக்கறேன். எனக்கு வழி தெரியல."

தீ சடசடத்தது.

"நான் கட்டறேன்," என்றான் சென்னியப்பன்.

எல்லோரும் திரும்பினார்கள். மயிலாத்தாள் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள்.

"வாளிய வெச்சுட்டு ஓடினாப் போதும்னு நெனச்சேன். அன்னைக்கு முப்பது வாளி ஊத்தியும் ஒண்ணும் ஆகல, வண்டி வேணும், அது எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஆனா நின்னு பாக்கற வண்டிக்கு நான் எப்பவும் கட்டமாட்டேன். ஓடற வண்டின்னா கட்டறேன். எவன் கட்டலீன்னாலும் கட்டறேன்."

"பாதிப் பேரு கட்டலீன்னா?"

"பாதி வண்டி ஓடுமுங்ண்ணா. மீதிக்குத் தள்ளிட்டுப் போலாம்."

கூட்டம் சிரித்தது. சிரித்து முடிந்ததும் கை தூக்கச் சொன்னார்கள், தூக்கினார்கள். தூக்காத பத்துப் பன்னிரண்டு பேரும் இருந்தார்கள், அடுத்த வருடம் அவர்களில் ஒன்பது பேர் சந்தா கட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். குறைந்ததற்கு மௌனகுருசாமி மாரியம்மன் நோம்பியில் தேங்காய் ஏலம் விட்டுச் சமாளித்தார், ஏலத்தில் பேசிப் பேசியே விலையை ஏற்றினார். துளசிமணி சாவியை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அவள் வண்டியோடு வந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. யாருக்கும் தீயை விட மனசில்லை. தீபாவளிக்கு நாலு நாள் இருந்தது, முறுக்குக்கு மாவு இடித்தாயிற்று, கொப்பரை இன்னும் முக்கால் பதத்தில் கிடக்கிறது, இத்தனை நாள் நின்ற தீ இன்னும் நாலு நாள் நிற்காதா என்று ஆளாளுக்கு வண்டியை மறித்தார்கள். கடைசியில் மயிலாத்தாள் இடுப்பில் கையை வைத்துச் சொன்னாள்: "பலகாரம் சுட்டு முடிங்க. தீவாளி முடிஞ்ச மக்யா நா அணைச்சரோணும். எனக்கும் என்ற ஊட்டுல ஒரு நாளாவது சில்லுனு படுத்துத் தூங்கோணுமுங்க."

அந்த வருடம் ஊத்துமேட்டுவலசில் முறுக்கு, அதிரசம், கச்சாயம் எல்லாமே ஒரே தீயில் வெந்தன. எல்லா வீட்டுப் பலகாரமும் ஒரே வாசம் அடித்தது.

தீபாவளிக்கு மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் துளசிமணி வால்வைத் திறந்தாள். முதல் தண்ணீர் பட்டதும் நெருப்பு உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, ஏழு மாதத்துக்கு முன்னால் விட்ட இடத்திலிருந்து, உண்மையான தீயாகவே எழுந்தது. ஒரே பாய்ச்சலில் உத்தரத்தைப் பிடித்தது. மாட்டுக்கொட்டகை கண்முன்னால் மடமடவென்று சாய்ந்தது. வேடிக்கை பார்க்க நல்ல துணி உடுத்திக்கொண்டு வந்திருந்த கூட்டம் ஒரு கணம் திகைத்து, மறுகணம் அண்டா, குண்டா, குடம், புதுப் பிளாஸ்டிக் வாளி என்று கையில் கிடைத்ததோடு கிணற்றடிக்கு ஓடியது. ஓஸின் முனை திமிறியது; சென்னியப்பன் பிடித்தான், அவனுக்கு முன்னால் மௌனகுருசாமி பிடித்தார், "மேல! மேல! சோத்தாங்கைப் பக்கம்!" என்று அவர் போட்ட சத்தத்தில் பம்புச் சத்தமே கேட்கவில்லை. தாழ்வாரம் போயிற்று. உத்தரத்தில் ஒரு முழம் கருகிற்று. அதற்கு மேல் அவர்கள் விடவில்லை. நாற்பது நிமிடத்தில் வெறும் புகையும் ஈரமும் மட்டும் இருந்தன, ஓட்டுக்கூரை சொட்டச் சொட்ட அப்படியே நின்றது.

மயிலாத்தாள் நனைந்த முற்றத்தில் அப்படியே உட்கார்ந்தாள். "அப்பாடி, குளுருது," என்று சொல்லிச் சிரித்தாள்.

துளசிமணி வால்வை மூடினாள். கையை உதறிக்கொண்டாள். ஓஸைச் சுருட்ட ஆரம்பித்தபோது அவளுடைய போன் அடித்தது. ஓடைக்கு அந்தப்பக்கம் செம்மேட்டுப்புதூரிலிருந்து. பட்டாசுப் பொறி விழுந்து வரிசையாக மூன்று வைக்கோல்போர், வீடுகளுக்குப் பக்கத்தில். அந்த ஊருக்கும் சங்கத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சங்கம் என்று ஒன்று இருப்பதே அவர்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே விஷயத்தைச் சத்தமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு யாருடைய முகத்தையும் பார்க்காமல் டிரைவர் சீட்டில் ஏறினாள்.

மறுபக்கக் கதவு திறந்தது. தலையிலிருந்து தண்ணீர் வழிய, வேட்டி முழுக்கக் கரியோடு, மௌனகுருசாமி ஏறி உட்கார்ந்து கதவை அடித்துச் சாத்தினார். பின்னால் சென்னியப்பன் சுருட்டாத ஓஸைத் தோளில் போட்டுக்கொண்டு தாவி ஏறும் சத்தம் கேட்டது.

"தொட்டியில தண்ணி எத்தன இருக்குது?"

"கால்வாசிங்ண்ணா."

"அங்க பள்ளிக்கூடத்துக்கிட்ட கெணறு இருக்குது, அது போதும். ஓடை வழியா குறுக்கால போகத் தெரியுமா அம்மிணி?"

"தெரியுமுங்," என்றாள் துளசிமணி, கியரைப் போட்டபடி. "கெட்டியாப் புடிச்சு உக்காருங்க."